விளக்கை அணைக்கச் சொன்ன ஊரும் ஒரு குடையும்

எங்கள் ஊர் ஏரியை அழகுபடுத்திவிட்டார்கள். கரையைச் சுற்றி நடைபாதை, பத்தடிக்கு ஒரு கலர் விளக்கு, "ஐ லவ்" என்று ஆரம்பிக்கும் ஆள் உயர எழுத்துகள், எழுத்துக்குள்ளேயும் விளக்கு. திறப்பு விழா முடிந்து ஒரு குளிர்காலம் போவதற்குள் அங்கே இருந்த நீர்க்காகங்கள் மூட்டை கட்டிவிட்டன. அதைப் பற்றி இதே பக்கத்தில் கடுப்பாக ஒரு பதிவு போட்டேன். பாதிப் பேர் "நைட்ல வாக்கிங் போக நல்லாத்தானே மேடம் இருக்கு" என்றார்கள். மீதிப் பேர் அழுகிற பொம்மை போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ஜெயராணி என்ற பெயரில் ஒருவர் மட்டும், "எங்க ஊர்ல ஒரு விளக்க அணைக்கச் சொல்லி சண்ட போட்டுட்டு இருக்கோம். தைரியம் இருந்தா வந்து பாருங்க" என்று எழுதியிருந்தார்.

தைரியம் இருக்கிறதா என்று என்னைக் கேட்டால் என்ன நடக்கும் என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாசி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, ஒரு கேமரா, ஒரு பைனாகுலர், இரண்டு செட் துணியோடு கன்னியாகுமரி மாவட்டத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் குளத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதப் போவதில்லை. தக்கலைக்கும் இரணியலுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது, அவ்வளவுதான். "லொகேஷன் ப்ளீஸ்" என்று கேட்பவர்கள் வருத்தப்பட வேண்டாம், கேட்டாலும் கிடைக்காது. ஒரு குளத்தில் பூநாரை இறங்கியது என்று யாரோ படம் போட்டு, அடுத்த ஞாயிறு அங்கே கார் நிறுத்த இடமில்லாமல் போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மற்றபடி, போகும் வழி, செலவு எல்லாம் சரியாகச் சொல்கிறேன். அந்த மாவட்டத்தில் இப்படி எத்தனையோ குளங்கள் இருக்கின்றன. உங்களுக்கான குளத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.

மதுரையில் காலை ரயில். முன்பதிவில்லாத பெட்டியில் நாகர்கோவில் வரை நூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது, நாலரை மணி நேரம். ஆரல்வாய்மொழி வரைக்கும் பொட்டல், காற்றாலை, பனை. கணவாயைத் தாண்டியதும் ஜன்னலில் பச்சை மொத்தமாக வந்து அடிக்கும். இந்தப் பாதையில் போகிற எல்லோரும் இந்த இடத்தில் "ஆஹா" என்று எழுதிவிடுவார்கள். நானும் "ஆஹா" என்றுதான் எழுதியிருப்பேன், இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தால். வலது பக்கம் உட்கார்ந்ததால், ஒரு பாதி காணாமல் போயிருந்த ஒரு சின்ன மலையைப் பார்த்தேன். கேக் வெட்டுவதுபோல் நேராக வெட்டி எடுத்திருந்தார்கள். எதிர் சீட்டில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு மறுபடி செல்போனுக்குத் திரும்பினார். பழகிவிட்டது போல. எனக்குப் பழகவில்லை, பழகவும் போவதில்லை.

நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்தில் இருந்து தக்கலைக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கூட்டம் இருந்தது, ஆனால் பார்வதிபுரம் தாண்டியதும் உட்கார இடம் கிடைத்துவிட்டது. முன்னால் கல் ஏற்றிய டிப்பர், பின்னால் மண் ஏற்றிய டிப்பர், நடுவில் நாங்கள். முக்கால் மணி நேரம். தக்கலையில் லாட்ஜ் அறை எண்ணூறு ரூபாய், சுத்தமாக இருந்தது, கொசு வலை கேட்டால் தருகிறார்கள். மதியம் பக்கத்து மெஸ்ஸில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் தொண்ணூறு ரூபாய். இந்தச் சாப்பாட்டுக்காகவே தனியாக ஒருமுறை போகலாம்.

மூன்று மணிக்கு லாட்ஜ் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜெயராணி ஏற்பாடு செய்திருந்த ஆட்டோ. ஓட்டி வந்தவர் வைகுண்டமணி, ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் மேல்நோக்கி ஏறும் வெள்ளை நாமம். அய்யாவழிக் குடும்பம். ஆட்டோ ஓட்டுவது பாதி நேரம், குளத்துக்குக் கீழே குத்தகைக்கு எடுத்த வயலில் நெல் போடுவது மீதி நேரம். போய்வர நானூறு ரூபாய், காத்திருப்பதும் அதில் சேர்த்தி.

"மதுரையிலேருந்து விளக்கு பாக்கவா வந்திய?" என்றார் வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

"விளக்கு எரியாததைப் பார்க்க வந்தேன் அண்ணே."

"அப்பம் சரி. எரியிய விளக்கு பாக்கணும்னா எங்கயும் போக வேண்டாம் கேட்டியளா. முக்குக்கு முக்கு ஹைமாஸ் ஆக்கும்."

அவர் மிகைப்படுத்தவில்லை. வெளியூர்க்காரர்களுக்காக விளக்கம்: ஹைமாஸ் என்பது தென்னையை விட உயரமான இரும்புக் கம்பம். உச்சியில் வட்டமாக நாலைந்து பெரிய விளக்குகள், அடியில் யார் தந்தது என்று ஒரு போர்டு. இந்த மாவட்டத்தில் ஒரு முக்கு சந்திப்பாக உயர்ந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சியே இந்தக் கம்பம்தான். பக்கத்து ஊரில் வந்துவிட்டால் நம் ஊரிலும் வந்தாக வேண்டும். கோவில் முன்னால் ஒன்று, சர்ச் முன்னால் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் சண்டை வராமல் இருக்க இன்னொன்று. வழியில் எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

ஆட்டோ ஒரு வாய்க்கால் ஓரமாக நின்றது. "முதல்ல எனக்க வயலப் பாருங்க" என்றார் வைகுண்டமணி.

கும்பப்பூ என்று இங்கே சொல்லும் இரண்டாம் போகம் அறுவடை முடிந்த சமயம். கண்ணுக்கு எட்டிய வரை வயல் முழுக்க அறுத்துவிட்ட நெல்லின் தாள். அதற்கு நடுவே, குளத்தங்கரையை ஒட்டி, அரைவட்டமாக ஒரு பச்சை. நெல்தான். இடுப்பு உயரத்துக்கு, செழிப்பாக, ஒரு கதிர்கூட இல்லாமல். அறுவடை மெஷின் அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்த தடம் தெரிந்தது. அந்த அரைவட்டத்தின் நடுப்புள்ளி எங்கே என்று பார்த்துக்கொண்டே போனால், கரை மேல் அந்தக் கம்பம் நின்றது.

"கட்டிச்சம்பா போட்டேன். ராத்திரி நீண்டாத்தான் அது கதிரு தள்ளும். இதுக்கு ராத்திரியே வரல்ல இல்லியா, பின்ன எப்படித் தள்ளும்?" என்றார். பக்கத்து வயலில் புது ரகம் போட்டவருக்கு இவ்வளவு பாதிப்பு இல்லையாம். "என்னையப் பாத்து அவரு சிரிச்சாரு. பசுவுக்குத் தீவனம் ஆச்சேன்னு நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிளாஸ்டிக் கெடுதல் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். மணல் அள்ளினால், மலையை உடைத்தால், காட்டை வெட்டினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். வெளிச்சத்தை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உலகம் முழுக்கக் கடற்கரை விடுதிகளின் விளக்கைக் கடல் என்று நினைத்து, ஆமைக் குஞ்சுகள் ரோட்டுப் பக்கம் நடந்து சாகின்றன. ராத்திரியில் நெடுந்தூரம் பறக்கும் பறவைகள் கண்ணாடிக் கட்டிடங்களில் மோதி விழுகின்றன. இதையெல்லாம் படித்திருக்கிறேன். ஆனால் வெளிச்சத்துக்கு ஒரு ஓரம் உண்டு, அதைக் காலால் நடந்து அளக்கலாம் என்பதை அந்த வயலில்தான் பார்த்தேன். ஒரு கால் தாளிலும் ஒரு கால் பச்சையிலும் வைத்து நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

குளத்தங்கரைக்கு வந்தபோது நாலரை மணி. பெரிய குளம். பாதித் தண்ணீரில் தாமரை இலை, ஓரங்களில் தாழம்புதர், கரையின் மேற்குக் கோடியில் ஒரு பெரிய அயனி மரம், காட்டுப் பலா. நீலத்தாழைக்கோழிகள் இலை மேல் நடந்துகொண்டிருந்தன, நடுவில் கொஞ்சம் குளிர்கால வாத்துகள். கரைதான் ஊருக்குப் போகும் வழியும். மெயின் ரோட்டில் பஸ் நிற்கும், அங்கிருந்து இந்தக் கரை வழியாக நடந்தால் பத்து நிமிடத்தில் வீடுகள் வந்துவிடும். பஸ் ஸ்டாப்பும் கரையும் சேரும் இடத்தில் அந்தக் கம்பம், கம்பத்தின் அடியில் தங்கராஜின் சாயாக்கடை.

தங்கராஜை வில்லன் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஜெயராணியின் பெரியப்பா மகன், விளக்கு எரிய வேண்டும் என்று நிற்கும் கட்சியின் தலைவர் என்று போனில் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அவர் நல்ல சாயா போடுகிறார், அதுதான் சிக்கல். ரசவடையும் சாயாவும் இருபத்தைந்து ரூபாய். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"உங்களுக்கு ஒரு சங்கதி தெரியுமா? இந்த விளக்கு வேணும்னு வீடு வீடாப் போய் கையெழுத்து வாங்கினதே அவதான்" என்றார். "ரெண்டு வருசம் முந்தி இதே கரையில பைக்குல வந்த ரெண்டு பயலுவ அவளுக்க கழுத்துச் சங்கிலிய அறுத்துட்டுப் போயிட்டானுவ. கழுத்துல ரத்தம். ஊரே கொதிச்சிச்சு. விளக்கு கேட்டோம், விளக்கு வந்தது. லட்டு குடுத்தோம். இப்பம் அவளே வந்து அணைங்கன்னு சொன்னா நாங்க என்ன, கோட்டிக்காரனுவளா?"

கடையை முன்பு ஒன்பது மணி வரை நடத்தினாராம். விளக்கடியில் பையன்கள் ஷட்டில் ஆடுவார்கள், ஆடி முடித்து இவரிடம் பழம்பொரி தின்பார்கள். இப்போது ஏழு மணிக்கே அடைத்துவிடுகிறார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

இப்போது அந்த விளக்கு அணைந்திருப்பது ஒரு மாதச் சோதனைக்காக. பேரூராட்சி அலுவலகத்துக்குப் பல தடவை நடந்து, ஜெயராணியும் அவரோடு சேர்ந்த சிலரும் வாங்கிய சோதனை. விளக்கு போடச் சொல்லி மனு வரும், ரிப்பேர் என்று மனு வரும், அணைக்கச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை என்று அங்கே ஆச்சரியப்பட்டார்களாம். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள். அந்த ஒரு மாதத்தில் திருட்டு என்றோ, விபத்து என்றோ, இருட்டில் யாராவது விழுந்தார் என்றோ ஒரே ஒரு புகார் வந்தால் போதும், விளக்கு மறுபடி எரியும், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. நான் போனபோது சோதனையில் பாதி முடிந்திருந்தது.

ஆறே காலுக்குத் தக்கலை பஸ்ஸில் இருந்து ஜெயராணி இறங்கினார். தக்கலையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறார். வழக்கமாக ஏழரை பஸ், அன்று எனக்காகச் சொல்லிவிட்டு முன்னாலேயே வந்திருந்தார். ஒடிசலான உடம்பு, வேகமான நடை. சேலைக்கு வெளியே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு தங்கச் சங்கிலி. கையில் ஒரு கறுப்புக் குடை. மழைக்கான அறிகுறியே இல்லை.

என் கண் சங்கிலிக்குப் போனதைக் கவனித்துவிட்டார். "அன்னைக்குப் போனது போச்சு. இது புதுசு. உள்ள ஒளிச்சி வச்சிட்டு நடந்தா, பாத்தியளா அவளுக்கே பயம்னு சொல்லுவாவ. அதான் வெளிய கிடக்கு" என்றார்.

"பயமா இல்லையாக்கா?"

"பின்ன இல்லாம? தெனமும் பயந்துதான் நடக்கேன். பயந்துட்டே நடந்தா போதாதா?"

அந்தப் பதிலுக்காகவே அந்த நிமிடம் அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். அறிமுகமாகி ஐந்து நிமிடம்தான் ஆகிறது என்பதால் அடக்கிக்கொண்டேன். இருவரும் கரையில் நடந்தோம். ஏழரை பஸ்ஸில் இறங்கும் ஏழெட்டுப் பெண்கள் இப்போது ஒருவருக்காக ஒருவர் நின்று, சேர்ந்து நடக்கிறார்களாம். பஸ் ஸ்டாப்பில் மட்டும் தாழ்வாக, மேலே மூடி போட்ட சின்ன மஞ்சள் விளக்கு வேண்டும் என்று தனியாக மனு கொடுத்திருக்கிறார்கள். "எனக்கு வெட்டம் வேண்டாம்னு நான் சொல்லல்ல. எனக்க காலுக்கு வெட்டம் வேணும். அவ்வளவு உசரத்துல வச்சி ஆகாசத்துக்கு எதுக்கு அடிக்கணும்?" என்றார்.

மேற்குக் கோடிக்கு வந்ததும், அயனி மரத்தின் கீழ் நுழையும் முன், ஜெயராணி நின்று குடையை விரித்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மேகம்கூட இல்லை.

"எங்க ஊருக்காரவ எல்லாரும் இந்த மரத்தடியில குட விரிப்பாவ" என்றார். "சின்னப் பிள்ளையிலேருந்தே அப்படித்தான். கொக்கு, நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், எல்லாம் அந்திக்கு இந்த மரத்துலதான் வந்து அடையும். குட இல்லாமப் போனா வெள்ளையாத்தான் வீடு சேருவோம். சர்ச்சுக்கு நல்ல துணி உடுத்திட்டுப் போறவனும் குட, பெண்ணு பாக்க வாறவனும் குட. எங்க ஊருக் குடையப் பாத்தாலே தெரியும், கறுப்புல வெள்ளப் புள்ளி."

விளக்கு வந்த முதல் சில மாதங்கள் பறவைகள் வந்து, மரத்தின் மேல் கத்திக்கொண்டே சுற்றி, இறங்காமல் போயினவாம். அப்புறம் வருவதே நின்றுவிட்டது. அதை ஊரில் யாரும் கவனிக்கவில்லை. ஜெயராணியும் கவனிக்கவில்லை. பழக்கத்தில் எல்லோரும் மரத்தடியில் குடையை விரித்து, தாண்டியதும் மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மடக்கும்போது பார்த்திருக்கிறார், குடை சுத்தமாக இருந்தது. வீட்டுக்குப் போய் மற்றவர்களின் குடைகளையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். எல்லாம் கடையில் வாங்கியது போல் கறுப்பாக இருந்தன.

"ஒண்ணுமே இல்லாத மரத்துக்குக் கீழ நாங்க குட பிடிச்சிட்டுப் போறோம்னு அப்பந்தான் தெரிஞ்சுது. எனக்கு வந்த கரைச்சல் இருக்கே... நான் கேட்ட விளக்காக்கும் அது" என்றார். அழுகையை அங்கே கரைச்சல் என்கிறார்கள்.

விளக்கு அணைந்து இரண்டு வாரமாகியும் பெரிதாக எதுவும் திரும்பவில்லை. ஒன்றிரண்டு உண்ணிக்கொக்குகள் வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போகுமாம். மாதம் முடிவதற்குள் பறவை வரவில்லை என்றால், "வெளிச்சமும் போச்சு, கொக்கும் வரல்ல" என்று தங்கராஜ் கட்சி சொல்லும். வந்துவிட்டால் பேசுவதற்கு ஒரு வழி இருக்கும். அதனால் ஜெயராணி தினமும் ஏழரை மணி இருட்டில், சங்கிலி வெளியே தெரிய, சுத்தமான குடையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூரியன் போய்விட்டது. தண்ணீர் முதலில் செம்பாகவும் பிறகு ஈயமாகவும் ஆனது. ஜெயராணி குடையோடு மரத்தடியில் நின்றார். நான் கொஞ்சம் தள்ளி, கரையின் ஓரத்தில், கேமராவைத் தூக்கிப் பிடித்து நின்றேன். வைகுண்டமணி ஆட்டோவில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆறே முக்கால் இருக்கும், கிழக்கில் இருந்து ஒரு வரிசை வந்தது. அரிவாள்மூக்கன்கள். பின்னால் வெள்ளைக் கொக்குகள். நான் ஒன்று இரண்டு என்று ஆரம்பித்து, பிறகு எண்ணுவதை மறந்தேன். மரத்தின் மேல் ஒருமுறை சுற்றின. இன்னொரு முறை சுற்றின. இறங்கு, இறங்கித் தொலை என்று எனக்குள் கத்திக்கொண்டே, அண்ணாந்து பார்த்தபடி, மொத்த மரமும் படத்தில் வரவேண்டும் என்று ஒரு அடி பின்னால் வைத்தேன். இன்னொரு அடி வைத்தேன். மூன்றாவது அடிக்குக் கரை இல்லை.

சறுக்கி, தாழைமுள்ளில் கை கிழிந்து, இடுப்பு வரை தண்ணீரில் நின்றேன். இடது கணுக்கால் ஒரு பக்கமாகத் திரும்பியது. உயிர் போகிற வலி. வாயைத் திறந்தேன், மேலே பார்த்தேன், மூடிக்கொண்டேன். முதல் கொக்கு அப்போதுதான் கிளையில் கால் வைத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான் கத்தினால் அத்தனையும் பறந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, தாமரை இலைகளுக்கு நடுவில், கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். ஜெயராணி என்னைப் பார்த்துவிட்டார். அவரும் சத்தம் போடவில்லை. கண்ணாலேயே "அசையாதிய" என்றார்.

தண்ணீரில் விழுந்த சத்தம் சாயாக்கடை வரை கேட்டிருக்க வேண்டும். தங்கராஜ் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கரையில் ஓடிவந்தார். வெளிச்சம் நேராக என் முகத்தில் விழுந்தது. வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"எட்டி ஜெயராணி, நான் அன்னைக்கே சொன்னேனா இல்லியா? ஒரு ஆளு விழுந்தாச்சு!" என்றவர், என் பக்கம் குனிந்தார். "அம்மா, நீங்க சொல்லுங்க. இருட்டுல வழி தெரியாமத்தான விழுந்திய?"

ஒரே ஒரு புகார் போதும். ஜெயராணியின் முகத்தைப் பார்த்தேன். எதுவும் கேட்காத முகம். சங்கிலியை மட்டும் ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"விழவில்லை அண்ணே. நானேதான் இறங்கினேன்" என்றேன்.

"இறங்கினியளா? என்னத்துக்கு?"

"பூப் பறிக்க."

"செருப்போடயா?"

"எங்க ஊர்ல அப்படித்தான்."

கையில் ரத்தம், இடுப்பில் பாசி, ஒரு காலில் நின்றுகொண்டு இதைச் சொன்னேன். ஜெயராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார், தோள் குலுங்கியது. தங்கராஜ் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அப்போது குடை மேல் "டப்" என்று ஒரு சத்தம். இன்னொரு "டப்". ஜெயராணி குடையைத் தாழ்த்தி, தங்கராஜின் செல்போன் வெளிச்சத்தில் காட்டினார். கறுப்பில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள், இன்னும் வடிந்துகொண்டிருந்தன.

தங்கராஜ் மேலே பார்த்தார். வெளிச்சம் பட்டதும் கிளையில் ஒரு கலவரம். சட்டென்று செல்போனை அணைத்தார். மூன்று பேரும் அந்த இருட்டில் அண்ணாந்து பார்த்து நின்றோம். மேலே குடும்பச் சண்டை போல இடத்துக்காக ஒரே இரைச்சல். கொஞ்ச நேரம் கழித்து அவரே கைகொடுத்து என்னைத் தூக்கிவிட்டார்.

இந்த இடத்தில் தங்கராஜ் மனம் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. கடைக்குக் கூட்டிப்போய்ச் சூடாகச் சாயா போட்டுத் தந்தார், காசு வாங்கவில்லை, மனைவியிடம் சொல்லி எனக்கு மாற்றிக்கொள்ள ஒரு நைட்டி வரவழைத்தார். எல்லாம் முடிந்தபின், "இன்னைக்கு நீங்க இறங்கினிய. நாளைக்கு எவனாவது நெசமாவே விழுவான் பாருங்க" என்றார். வீடியோவை அழிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை, அவரும் அழிப்பதாகச் சொல்லவில்லை.

"பூப் பறிக்கப் போனேன்" என்றது பொய்தான். எனக்கு அதில் துளி வருத்தம் கிடையாது. ஆனால் விழுந்தது இருட்டால் அல்ல. அண்ணாந்து பார்த்துக்கொண்டு பின்பக்கமாக நடப்பவள் உச்சி வெயிலிலும் விழுவாள், எட்டு ஹைமாஸ் எரிந்தாலும் விழுவாள். என் புத்திக்கு ஒரு குளம் தண்டனை அனுபவிக்க வேண்டியதில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது என் பெயரில் புகார் எழுதலாம் என்று கிளம்பினால், இந்தப் பத்தியையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

மறுநாள் காலை வைகுண்டமணி லாட்ஜுக்கு வந்து, என் காலுக்கு எண்ணெய் தடவிக் கட்டுப் போட ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனார். திரும்பும் வழியில் ஒரு முக்கில் புதிதாக ஒரு ஹைமாஸுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு சின்னக் குளம். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, கட்டுப் போட்ட காலோடு இறங்கி, அங்கே நின்றவர்களிடம் "இந்தக் குளத்தில் அந்திக்கு என்ன அடையும்?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "குழியில கம்பம் நடுறதுக்கு முன்னால ஒரு சாயங்காலம் நின்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

போக நினைப்பவர்களுக்கு: கார்த்திகையில் இருந்து மாசி வரை நல்ல காலம். தக்கலையில் தங்கினால் எல்லாப் பக்கமும் பஸ் இருக்கிறது. ரயிலிலேயே வந்து இரணியல் ஸ்டேஷனிலும் இறங்கலாம், ஆனால் எல்லா வண்டியும் நிற்காது, பார்த்துக்கொள்ளுங்கள். மீன் குழம்பை விடாதீர்கள். ரப்பர் செருப்பு போடாதீர்கள், கரை வழுக்கும். ஃப்ளாஷ் அடிக்காதீர்கள், பெரிய டார்ச் கொண்டுபோகாதீர்கள். கரையில் தனியாக நடக்கும் பெண்களைப் பின்னால் போய்ப் பயமுறுத்தாதீர்கள், சத்தமாகப் பேசிக்கொண்டே முன்னால் போங்கள். உங்கள் ஊரில் ஏரியை அழகுபடுத்தப் போகிறார்கள் என்றால், கை தட்டுவதற்கு முன்னால் அங்கே யார் தூங்குகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். முக்கியமாக, குடை கொண்டுபோங்கள்.

கால் இன்னும் சரியாகவில்லை. இந்தப் பதிவை முடிக்கும் நேரத்தில் ஒரு போன் வந்தது. பேரூராட்சி அலுவலகத்தில் இருந்து பேசுவதாகச் சொன்னார். மரியாதையான குரல். சோதனை மாதம் இன்னும் இரண்டு நாளில் முடிகிறது, ஒரு வீடியோ வந்திருக்கிறது, அதில் இருப்பது நீங்கள்தானே என்றார். நான்தான் என்றேன்.

"குளத்துல விழுந்துட்டீங்கன்னு சொல்றாங்க. புகார் ஏதும் குடுக்கிறீங்களாம்மா?"

"விழவில்லை சார். இறங்கினேன்."

"அப்படியே பதிஞ்சுக்கலாமா?"

"பதிஞ்சுக்குங்க."

வைத்துவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கொக்கு நெசமாவே வந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"உங்க வீட்ல குடை இருக்கா சார்?" என்றேன். "எடுத்துட்டு ஒரு அந்திக்குப் போய்ப் பாருங்க."